கடைசி வேலை நாளும் காப்பீட்டின் கடைசி நாளும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, வெவ்வேறு நிலைகளில் இருப்பவர்கள் எழுதியவை என்றாலும், ஒரே கேள்வியைக் கேட்கின்றன. நிறுவனம் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு, வேலை போன பிறகு என்ன ஆகும்? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்குகிறேன். சட்டம் தரும் உரிமை ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்தாலும், அந்த உரிமைக்கு ஒரு கெடு இருக்கிறது என்பது நால்வருக்கும் பொது. வேலை போன கவலையில் எதையும் யோசிக்க முடியாமல் இருக்கும் அதே வாரங்களில்தான் அந்தக் கெடு ஓடி முடிகிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளும் மருமகனும் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். மருமகன் வேலை பார்த்த பெரிய நிறுவனம் ஜூன் கடைசியில் ஆட்குறைப்பு செய்தபோது அவருக்கும் வேலை போய்விட்டது. மகளுக்கு இது ஏழாவது மாதம். ஜூலை 20 அன்று 'கோப்ரா' என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதில் மாதம் 1,836 டாலர் கட்டினால் பழைய காப்பீட்டையே தொடரலாம் என்று இருக்கிறது. வேலையில் இருந்தபோது சம்பளத்தில் 450 டாலர்தான் பிடித்தார்களாம். இது நியாயமான தொகைதானா? கட்டாமல் விட்டால் பிரசவத்துக்கு என்ன செய்வார்கள்?
– ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: அந்தத் தொகையைப் பார்த்து நீங்கள் பதறியதில் வியப்பில்லை. ஆனால் அது தவறான கணக்கு அல்ல. உங்கள் மருமகன் சம்பளத்திலிருந்து 450 டாலர் போனபோது, மீதி 1,350 டாலரை அவருடைய கண்ணில் படாமல் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது. முழு பிரீமியம் தொடக்கத்திலிருந்தே 1,800 டாலர்தான். வேலை போனதும் நிறுவனம் தன் பங்கை நிறுத்திக்கொள்கிறது. கோப்ரா சட்டப்படி முழு பிரீமியத்தோடு நிர்வாகச் செலவுக்காக 2 சதவீதம் சேர்த்து, அதாவது 102 சதவீதம் வரை கேட்கலாம். 1,800-க்கு 102 சதவீதம் 1,836.

கோப்ரா என்பது அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றி 1986-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் சுருக்கப் பெயர். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். அதைவிடச் சிறிய நிறுவனங்களுக்குப் பல மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உண்டு. பெரிய முறைகேடு செய்ததற்காக வெளியேற்றப்பட்டவரைத் தவிர, வேலை இழந்தவரும் அவருடைய துணைவரும் பிள்ளைகளும் அதே காப்பீட்டை, அதே மருத்துவர்களோடு, 18 மாதங்கள் வரை தொடரலாம். நிறுவனமே தன் ஊழியர்கள் அனைவருக்குமான காப்பீட்டை முற்றிலும் கைவிட்டால் மட்டும் தொடர்வதற்கு எதுவும் இருக்காது. உங்கள் மருமகனுடைய நிறுவனம் இயங்கிக்கொண்டிருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

இனி நாள்கணக்குக்கு வருகிறேன். மகளிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். தொடர்கிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல 60 நாட்கள் உண்டு. காப்பீடு முடிந்த நாள், கடிதம் வந்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து அந்த 60 நாட்களை எண்ண வேண்டும். ஜூலை 20 அன்று கடிதம் வந்ததென்றால் செப்டம்பர் 18 வரை அவகாசம் இருக்கிறது. எனினும் கடிதத்திலேயே ஒரு தேதி அச்சிட்டிருப்பார்கள், அதையே கெடுவாகக் கொள்வது பாதுகாப்பு. முடிவைத் தெரிவித்த பிறகு முதல் தவணை கட்ட மேலும் 45 நாட்கள் தருகிறார்கள். அதற்குப் பின் வரும் மாதத் தவணைகளுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. இந்த அவகாசத்துக்குள் ஒப்புக்கொண்டு, இடைப்பட்ட மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால், காப்பீடு ஜூலை 1 முதலே இடைவெளி இல்லாமல் இருந்ததாகக் கருதப்படும். இதைத் தெரிந்துகொண்டு, "உடம்புக்கு ஏதாவது வந்தால் அப்போது சேர்ந்துகொள்ளலாம்" என்று காத்திருப்பவர்கள் அங்கே பலர் உண்டு. இளம் வயதில், நோய் நொடி இல்லாதவருக்கு அது ஒருவேளை பொருந்தலாம். ஏழாவது மாதக் கர்ப்பிணிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இடைவெளியில் மருத்துவமனையின் கணினியில் அவர் காப்பீடு இல்லாதவர் என்றுதான் காட்டும். பில் முழுவதும் கைக்கு வரும். பிறகு அதைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும்.

கோப்ராவுக்கு மாற்றாக, அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தை ஒன்றும் இருக்கிறது. நியூஜெர்சியில் அதன் பெயர் 'கெட் கவர்ட் நியூஜெர்சி'. வேலையோடு காப்பீடும் போனவர் 60 நாட்களுக்குள் அதில் சேரலாம். சட்டப்படி விசாவில் தங்கியிருப்பவர்களும் அதற்குத் தகுதியுள்ளவர்களே. வருமானம் குறைந்தால் பிரீமியத்தில் உதவியும் கிடைக்கக்கூடும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி அங்கே எவரையும் மறுக்க முடியாது. பிரசவச் செலவும் அந்தக் காப்பீடுகளில் கட்டாயம் அடங்கும். அப்படியிருக்க, விலை கூடுதலான கோப்ராவை ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அமெரிக்கக் காப்பீடுகளில் 'டிடக்டிபிள்' என்று ஒரு தொகை இருக்கிறது: ஆண்டுதோறும் அந்த அளவு வரை நம் கையிலிருந்து செலவழித்த பிறகுதான் காப்பீடு பெரும்பங்கைக் கொடுக்கத் தொடங்கும். ஏழு மாதங்களாக ஸ்கேனும் பரிசோதனையுமாகச் செலவழித்து, உங்கள் மகள் அந்தத் தொகையில் பெரும்பகுதியைக் கடந்திருக்கலாம். பழைய காப்பீட்டையே தொடர்ந்தால் அது கணக்கில் நிற்கும். புதியதில் சேர்ந்தால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதுவரை பார்த்துவந்த மகப்பேறு மருத்துவர் புதிய காப்பீட்டின் பட்டியலில் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்துதான் கோப்ரா எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு என்பதால், மகளுக்கு மட்டும் எடுத்தால் மாதத் தொகை வெகுவாகக் குறையும். மருமகன் சந்தையில் குறைந்த விலைக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பணத்துக்கு நெருக்கடி இருக்கும் இந்த நேரத்தில் என் யோசனை அதுவே. பிரசவம் வரை மகளுக்குக் கோப்ரா இருக்கட்டும். குழந்தை பிறந்த 30 நாட்களுக்குள் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். சாதாரணமாக, கோப்ராவைப் பாதியில் நாமாக விட்டுவிட்டால், ஆண்டிறுதிச் சேர்க்கைக் காலம் வரும்வரை சந்தையின் கதவு திறக்காது. ஆனால் குழந்தை பிறப்பதே அந்தக் கதவைத் திறக்கும் காரணங்களில் ஒன்று. பிறந்து 60 நாட்களுக்குள் குடும்பம் முழுவதும் சந்தைக் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

மருமகன் எச்-1பி விசாவில் இருந்தால், வேலை முடிந்த நாளிலிருந்து பொதுவாக 60 நாட்கள்தான் அங்கே தங்க அவகாசம். அதையும் இதோடு சேர்த்து யோசித்து, ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உடனே பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அடுத்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனத்தின் குரூப் பாலிசியில் 5 லட்சத்துக்கு நான், கணவர், மகன், மாமனார், மாமியார் எல்லோருக்கும் காப்பீடு இருக்கிறது. மாமனாருக்கு 68 வயது; சர்க்கரையும் உண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். எச்.ஆரில் கேட்டால், "கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும்" என்று மட்டும் சொல்கிறார்கள். மாமனாருக்கு இனி யார் புதிதாக பாலிசி கொடுப்பார்கள்?
– ஒரு வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: சகோதரி, எச்.ஆரில் சொன்னது உண்மை. ஆனால் அது முழு உண்மை அல்ல. அமெரிக்காவைப் போல அதே குரூப் பாலிசியில் தொடரும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் தரவில்லை. இங்கே இருப்பது வேறு வழி. குரூப் பாலிசியில் இருந்தவரும் அவருடைய குடும்பத்தாரும், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்ப பாலிசிக்கோ மாறிக்கொள்ளலாம். இதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளில் 'மைக்ரேஷன்' என்பார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வேறொன்றுக்கு மாறுவது 'போர்ட்டபிலிட்டி'. இந்த இரண்டு சொற்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எச்.ஆரில் இருப்பவர்களுக்குப் பல நேரங்களில் நாம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் விஷயம் நினைவுக்கு வருகிறது.

சாதாரணமாக ஒரு புதிய தனிநபர் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் (2024-ல் விதி மாறும் முன் அது 48 மாதங்களாக இருந்தது). மைக்ரேஷன் முறையில் போனால், குரூப் பாலிசியில் இருந்த ஆறு ஆண்டுகளும் கணக்கில் சேரும். அதாவது மாமனாரின் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் காத்திருப்புக் காலம் ஏற்கெனவே முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இந்தச் சலுகை பழைய காப்பீட்டுத் தொகை வரைதான். இப்போது 10 லட்சத்துக்கு எடுத்தால், பழைய 5 லட்சத்துக்குக் காத்திருப்பு இருக்காது. கூடுதலான 5 லட்சத்துக்கு அது புதிதாகத் தொடங்கும்.

இதில் ஒரு முள் இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குரூப் பாலிசியிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாறும்போது காப்பீட்டு நிறுவனம் உடல்நிலையை மதிப்பிட்டுத்தான் ஏற்கும். மாமனாருக்கு பிரீமியம் கூடலாம், மறுப்பும் வரலாம். ஆகவே ஒரே ஒரு விண்ணப்பத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நீங்கள், கணவர், மகன் மூவருக்கும் ஒரு குடும்ப பாலிசியும், மாமனார் மாமியாருக்குத் தனியாக ஒரு பாலிசியும் கேளுங்கள். முதியவரின் நோயும் வயதும் இளையவர்களின் பிரீமியத்தையும் காப்பீட்டுத் தொகையையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க இதுவே நல்லது. 2024 விதிகளின்படி காப்பீட்டு நிறுவனங்கள் எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்பதால், 65-ஐத் தாண்டிவிட்டார் என்ற காரணத்துக்காக மட்டும் எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். மூத்த குடிமக்களின் பிரீமியம் அதிகமாக இருப்பதால், இந்த விலக்கு உங்களுக்குக் கணிசமான தொகையாகவே தெரியும்.

விண்ணப்பத்தில் மாமனாரின் ஸ்டென்ட்டையும் சர்க்கரையையும் மறைக்கச் சொல்லும் முகவர்கள் வந்தால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாலிசி தொடர்ந்து 60 மாதங்கள் நடந்த பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வேண்டுமென்றே மறைத்தது மோசடி என்ற கணக்கில்தான் வரும். ஆபத்து முதல் ஐந்து ஆண்டுகளோடு முடிந்துவிடுவதும் இல்லை.

கணவர் வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு, ஏனெனில் கடைசி நாளுக்குப் பிறகு அலுவலக மின்னஞ்சலும் கிடையாது, பதில் சொல்ல ஆளும் கிடைக்காது. குரூப் பாலிசியின் எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், ஒவ்வொருவரும் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு தொகைக்குச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், இதுவரை வாங்கிய கிளெய்ம்கள் ஆகியவை அடங்கிய ஒரு சான்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுதோறும் தந்த இ-கார்டுகளையும் ஸ்டென்ட் வைத்தபோது வந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளட்டும். மைக்ரேஷன் விண்ணப்பத்தைக் கடைசி வேலை நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே காப்பீட்டு நிறுவனத்தில் நேரடியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்க வேண்டும் என்பது என் கருத்து. உங்களுக்கு இன்று கையிலிருப்பது கிட்டத்தட்ட அந்த ஒரு மாதம்தான். காப்பு கடைசி நாளோடு முடிகிறதா, அந்த மாத இறுதி வரை இருக்கிறதா, அல்லது பாலிசி ஆண்டு முடியும் வரை இருக்கிறதா என்பது ஒவ்வொரு குரூப் பாலிசியிலும் வேறுபடும். வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காமல் பாலிசியின் வாசகத்தையே காட்டச் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2012-ல் நான் ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்ந்தபோது இடையில் 19 நாட்கள் இருந்தன. பதினோராவது நாள் இரவு என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லால் தாங்க முடியாத வலி வந்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மறுநாளே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பழைய பாலிசி முடிந்திருந்தது, புதியது தொடங்கியிருக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் அவளுடைய வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டினேன். விலகும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்த அலுவலகத்தில் யாருமில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

காப்பீட்டு நிறுவனம் பதிலே தராமல் இழுத்தடித்தாலோ, சேர வேண்டிய காத்திருப்புக் காலச் சலுகையைத் தர மறுத்தாலோ, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கேள்வி: நான் நூற்பாலையில் 12 ஆண்டுகள் வேலை செய்தேன். கடந்த ஆகஸ்டில் ஆலையை மூடிவிட்டார்கள். என் மனைவிக்கு இ.எஸ்.ஐ. மூலம் டயாலிசிஸ் நடக்கிறது. ஆலை இல்லை என்பதால் கார்டு செல்லாது என்கிறார்களே, இனி என்ன செய்வது?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஐயா, ஆலை மூடிய அன்றே கார்டு செல்லாமல் போய்விடாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கான இ.எஸ்.ஐ.யில் சந்தாக் காலம் ஒன்று, பலன் காலம் வேறொன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பலன்; ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன். ஆகஸ்ட் வரை நீங்கள் வேலை செய்ததால், இந்த டிசம்பர் வரை மட்டுமல்ல, ஏப்ரலுக்குப் பிறகு 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா பதிவாகியிருந்தால், வரும் ஜூன் வரையிலும் உங்களுக்குத் தகுதி இருக்க வேண்டும். ஆலை கடைசி மாதங்களின் சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்பதை உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உடனே பார்த்துவிடுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால், சம்பளச் சீட்டுகளோடு சேலத்தில் உள்ள துணை மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அது ஆலையின் குற்றம், உங்களுடையது அல்ல.

அதற்கு மேலும் ஒரு வழி உண்டு, இதைத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அறியாமலே இழக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில், ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த, குறைந்தது இரண்டு ஆண்டுகள் சந்தா கட்டிய தொழிலாளிக்கு 24 மாதங்கள் வரை உதவித்தொகை உண்டு. முதல் 12 மாதங்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதங்களுக்கு 25 சதவீதம். அந்தக் காலம் முழுவதும் அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதியும் தொடரும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. ஆகவே, கணக்கு முடித்துப் பணம் தரும்போது "நானாக விலகுகிறேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், தொழிற்சங்கத்தாரையோ தொழிலாளர் துறை அலுவலரையோ இந்த வாரமே பாருங்கள்.

இதற்கிடையில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. டயாலிசிஸும் அதில் அடங்கும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்தத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். இ.எஸ்.ஐ. நின்ற பிறகு மனைவிக்கு ஒரு முறைகூட டயாலிசிஸ் தவறக் கூடாது என்பதால், அது நிற்கும்வரை காத்திராமல் இப்போதே பதிவை முடித்துவிடுங்கள்.

கேள்வி: மகன் ஐதராபாத்தில் வேலையை விட்டுவிட்டு, 40 நாள் கழித்துச் சென்னையில் வேறு வேலையில் சேரப் போகிறான். இடையில் எங்களோடு ஏற்காட்டில் இருப்பான். 40 நாளைக்கு எதற்குப் பாலிசி என்கிறான். நான் எடுக்கச் சொல்கிறேன். யார் சொல்வது சரி?
– எஸ்டேட் ஊழியர் ஒருவர், ஏற்காடு

பதில்: நீங்கள் சொல்வதே சரி. ஆனால் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால் முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. 40 நாளில் எஞ்சுவது பத்து நாள்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டப் போகிற பிள்ளைக்கு விபத்துக் காப்பு முதல் நாளிலிருந்து இருப்பதும் சிறிய விஷயமல்ல. காய்ச்சலுக்கும் குடல்வாலுக்கும் சேர்த்துக் காப்பு வேண்டுமென்றால், வேலையை விடும் முன்பே பழைய காப்பீட்டு நிறுவனத்தில் மைக்ரேஷன் கேட்கச் சொல்லுங்கள். அந்த 30 நாட்களும் கழிந்ததாகவே கணக்காகும். புதிய வேலையில் குரூப் பாலிசி கிடைத்த பிறகும் அந்தத் தனிநபர் பாலிசியை விட்டுவிடாமல் புதுப்பித்து வந்தால், அடுத்த முறை வேலை மாறும்போது உங்களுக்கு இந்தக் கேள்வி எழாது. பாலிசி எடுக்குமுன், கட்டணமில்லாச் சிகிச்சைக்கான மருத்துவமனைப் பட்டியலில் சேலத்தில் எவை இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து பெரிய சிகிச்சைக்கு மலையிறங்கிச் சேலத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும்.